மசினகுடியில் ஒரு கிரிவலம்

பூகோள வாத்தியார் ஒருத்தன் காட்டில் வழி தெரியாமல் தொலைந்துபோனான் என்று கேள்விப்பட்டால் என்ன செய்வீர்கள்? சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். தொலைந்தவன் நான்தான்.

அதுவும் இருட்டில் இல்லை, மழையில் இல்லை. பட்டப்பகலில், மடியில் மேப், பக்கத்தில் மனைவி... "எனக்குத் தெரியாத வழியா?" என்று கேட்ட வாய் மூடுவதற்குள் தொலைந்தேன். பதினெட்டு வருஷமாக எட்டாம் வகுப்புக்குத் திசைகளைச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பிள்ளைகள் எல்லாம் இப்போது எங்கெங்கே நின்று முழிக்கிறார்களோ.

வாராவாரம் நான் எழுதுகிற இந்தப் பக்கத்தில் போன வாரம் ஆளைக் காணோமே என்று மூன்று பேர் விசாரித்திருந்தார்கள். அதில் ஒருவர் என் மாமனார். அவர் விசாரித்தது என்னை இல்லை, மகளை. மாமா, இரண்டு பேரும் பத்திரமாக இருக்கிறோம். மிச்சத்தைக் கீழே படித்துக்கொள்ளுங்கள்.

காலாண்டுப் பரீட்சை லீவு. கஸ்தூரிக்கு — அதாவது என் மனைவிக்கு — யானை பார்க்க வேண்டும். கோயில் யானை கணக்கில் வராதாம். அது எவன் கையை நீட்டினாலும் தலையில் தும்பிக்கையை வைத்துவிடுகிறது. நெற்றியில் பட்டை போடாத, யாருக்கும் ஆசீர்வாதம் பண்ணாத காட்டு யானை வேண்டும். கல்யாணமான புதிதில், எது கேட்டாலும் "ஆகட்டும்" என்று சொல்கிற கெட்ட பழக்கம் எனக்கு இருந்தது. அவளுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. பன்னிரண்டு வருஷம் கழித்து நினைவுபடுத்தினாள்.

சரி, பந்திப்பூர் தேசியப் பூங்கா, அப்படியே இறங்கி முதுமலைச் சரணாலயம், மசினகுடியில் இரண்டு நாள். காருக்கு எங்கே போவது? கீழ்பென்னாத்தூரில் கஸ்தூரியின் தம்பி முருகேசன் இருக்கிறான். மல்லாட்டை வியாபாரம். (வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம்.) பாசிப்பச்சை நிறத்தில் ஒரு பழைய கார் வைத்திருக்கிறான். சாவியைக் கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டான்.

"ஆயுத பூஜைக்கு வண்டி நம்ம வாசல்ல நிக்கணும் மாமா. முழுசா நிக்கணும். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

முழுசா என்று அவன் எதைச் சொன்னான் என்று தெரியவில்லை. அந்தக் காரின் இடது பக்கக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் இறங்க வேண்டுமானால், ஓட்டுகிறவன் இறங்கி, சுற்றி வந்து திறந்துவிட வேண்டும். பெட்ரோல் முள் எப்போதும் பாதியிலேயே நிற்கும். டாங்கு நிரம்பி வழிந்தாலும் பாதி, காய்ந்து கிடந்தாலும் பாதி. உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ள ஒரு மூங்கில் குச்சி கொடுத்திருந்தான். டாங்குக்குள் விட்டு எடுத்து, எத்தனை விரற்கடை நனைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டியது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். திருவண்ணாமலைக்காரனுக்குக் கிழக்கு மேற்கெல்லாம் தேவையில்லை. மலை போதும். ரேஷன் கடை எங்கே? மலையைப் பார்த்த மாதிரி போங்க. தையல்காரர் வீடு? மலைக்கு முதுகைக் காட்டி நடங்க. ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறை தேடி வருகிற வெள்ளைக்காரர்கள்கூட மூன்றே நாளில் இந்த முறைக்கு மாறிவிடுகிறார்கள். என் வீடு செங்கம் ரோட்டை ஒட்டிய தெருவில் இருக்கிறது. அவர்களுக்கு வழி சொல்லிச் சொல்லியே எனக்குக் கொஞ்சம் மண்டைக் கனம் வந்துவிட்டது. தினமும் வழி சொல்கிறவன், இன்னொருத்தனிடம் போய் வழி கேட்பானா?

அதைவிடப் பெரிய சௌகரியம் ஒன்று உண்டு. மலையை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் போதும். நடுவில் என்ன ஆனாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிடலாம். கிரிவலம் போகிற சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். யோசித்துப் பாருங்கள் — தொலையவே முடியாத ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு, தொலைந்தால் என்ன செய்வது என்று எப்படித் தெரியும்?

பெங்களூரிலேயே ஆரம்பித்துவிட்டது. மைசூர் ரோட்டைத் தேடி ஒரே மார்க்கெட்டை மூன்று முறை சுற்றினேன். மூன்றாவது முறை ஒரு பூக்காரம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தாள், தெரிந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. யாரையாவது கேளுங்களேன் என்றாள் கஸ்தூரி. மேப் இருக்கிறது என்றேன்.

மேப் என்றேனே... எட்டாம் வகுப்பு அட்லஸ். அதில் நீலகிரி மாவட்டம் என் கட்டைவிரல் நகம் அளவு. மசினகுடி, நகத்தில் இருக்கிற அழுக்கு.

பந்திப்பூரில் வனத்துறை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். புள்ளிமான்களின் பின்பக்கத்தை விதவிதமாகப் பார்த்தோம். ஒரு மயில், ஒரு காட்டுப்பன்றி. "அதோ, அதோ" என்று வேனே ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பார்த்தால் பாறை. மறுநாளும் போனோம். அதே பாறை. கஸ்தூரி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறபோதுதான் எனக்குப் பயம்.

அதனால்தான் மசினகுடிக்கு வந்து சேர்ந்த அன்று மத்தியானம், டீக்கடைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னதும் பிடித்துக்கொண்டேன். மாயார் கிராமத்துக்குப் போகிற பக்கம் சாயங்காலம் யானை தண்ணீருக்கு வருமாம். சொன்ன கையோடு, தனியாகப் போகாதீர்கள், ஆள் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றும் சொன்னார். கஸ்தூரியும் அதையே சொன்னாள். வழி தெரியாதவர்களுக்குத்தான் ஆள் என்றேன்.

நாலு மணிக்குக் கிளம்பினோம்.

கொஞ்ச தூரத்தில் தார் ரோடு போய் மண் ரோடு வந்தது. மண் ரோடு போய் ஜீப் தடம் வந்தது. தடம் இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் போனேன். மறுபடி பிரிந்தது. வலது பக்கம் போனேன். அப்புறம் எங்கே எந்தப் பக்கம் திரும்பினேன் என்று கேட்காதீர்கள். ஐந்து மணிக்கு, ஒரு மூங்கில் புதர் ஓரமாக, வெள்ளையடித்த ஒரு மொட்டைக் கல்லுக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி, மரியாதையாகத் திரும்பிவிடலாம் என்று முடிவு பண்ணினேன். எந்தப் பக்கம் திரும்புவது? பின்னால் பார்த்தேன். நாங்கள் வந்த தடம் என்று நான் நினைத்தது மூன்று தடமாக இருந்தது.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். மரங்களுக்கு மேலே, தனியாக ஒரு மலை. அசப்பில் நம்ம மலை மாதிரியே. கொஞ்சம் ஒல்லி, அவ்வளவுதான். கண் காணாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே நம்ம தெருக்காரன் நிற்கிற மாதிரி எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

"கவலப்படாத," என்றேன். "மலைய ரைட்ல வச்சிக்கினே போனா போதும்."

கஸ்தூரி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். தோலை ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டு அந்த மலையைப் பார்த்தாள்.

"அது நம்ம மலைங்க. இது யாரு மலையோ."

நான் கேட்டேனா? கிளப்பினேன். மலை வலது பக்கம். தடம் பிரிந்தால் மலை இருக்கிற பக்கம் பார்த்துத் திருப்பினேன். பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, முள்ளில் உரசி... முக்கால் மணி நேரம். ஒரு திருப்பம் திரும்பியதும் மூங்கில் புதர். வெள்ளையடித்த மொட்டைக் கல். கல்லுக்குப் பக்கத்தில் ஆரஞ்சுத் தோல்.

"அது நான் போட்ட தோலு," என்றாள்.

வேறு யாராவது ஆரஞ்சு தின்றிருக்கலாம் என்றேன். வாதத்துக்காகத்தான். அவள் கையிலிருந்த மிச்சப் பாதிப் பழத்தை எனக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள்.

கிரிவலத்தின் கணக்கு பொய்க்கவில்லை, வாசகர்களே. புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிட்டது. என்ன ஒன்று... புறப்பட்ட இடமே தொலைந்த இடம்.

இன்ஜினை அணைத்தேன். அணைத்த பிறகுதான் காடு எவ்வளவு அமைதி என்று தெரிந்தது. எங்கேயோ மூங்கில் ஒன்று படீரென்று ஒடிந்தது. தானாக ஒடிந்ததா, ஒடிக்கப்பட்டதா? ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, கை நீளம் வரை தைரியத்தையும் நீட்டி, இறங்கி, மூங்கில் குச்சியை டாங்குக்குள் விட்டு எடுத்தேன். இரண்டு விரற்கடை. அதுவும் கஸ்தூரியின் விரலாக இருந்தால்தான் இரண்டு. வெயில் மரங்களின் உச்சிக்கு ஏறிவிட்டது. இன்னும் முக்கால் மணி நேரத்தில் இருட்டிவிடும். யானை தண்ணீருக்கு வருகிற பாதையில், உள்ளேயிருந்து திறக்காத கதவுக்குப் பின்னால், என்னை நம்பி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

யானையைப் பார்க்க முந்நூறு மைல் வந்தவன், யானை வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். எனக்கு வந்த முதல் நினைப்பு மனைவி. இரண்டாவது நினைப்பு முருகேசனின் கார். வரிசை இதுதானா என்று சத்தியம் பண்ணச் சொல்லாதீர்கள்.

உள்ளே வந்து உட்கார்ந்து அட்லஸைப் பிரித்தேன். திருப்பிப் பார்த்தேன். தலைகீழாகப் பார்த்தேன். கஸ்தூரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை. டாக்டர் வாயைத் திறப்பதற்காகக் காத்திருக்கிறவர்கள் பார்ப்பார்களே, அப்படி. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"கஸ்தூரி... எனக்கு வழி தெரியல."

பன்னிரண்டு வருஷத்தில் அவளிடம் நான் சொல்லாத வாக்கியம். அவளிடம் என்ன, யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? ஒன்றும் ஆகவில்லை. வானம் இடியவில்லை. அட்லஸைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டேன். கழுத்து வலி விட்ட மாதிரி இருந்தது. அந்த வலி இவ்வளவு நாள் இருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

அவள் திட்டவில்லை. 'அப்பவே சொன்னேனே' என்றும் சொல்லவில்லை.

"கதவத் தொறந்து வுடுங்க," என்றாள்.

காரைச் சுற்றி வர எத்தனை அடி இருக்கும்? பன்னிரண்டு? என் வாழ்நாளில் நான் வந்த வலங்களிலேயே நீளமானது அதுதான். மூங்கில் பக்கம் ஒரு கண், கதவுப் பக்கம் ஒரு கண். திறந்துவிட்டேன். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னமோ வீட்டுக் கொல்லைக்குப் போகிற மாதிரி தடத்தில் இறங்கி நடந்தாள். இருபதடியில் நின்றாள். குனிந்தாள். ஒரு குச்சியை எடுத்துத் தரையில் எதையோ குத்திப் பார்த்தாள். சாணி.

"யானையா?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"யான இல்ல, மாடு. மேல காஞ்சி, உள்ள ஈரமா கீது. காலைல போட்டது." குச்சியால் மண்ணைக் காட்டினாள். "இத்தினி குளம்பும் அந்தாண்டதான் பாத்து கீது. மேயப் போயிருக்குது. இன்னும் திரும்பல."

"அதனால?"

என்னைப் பார்த்தாள். எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்த்து நான் அப்படித்தான் பார்ப்பேன்.

"பொழுது சாயறப்போ மாடு எங்க போவும்? வூட்டுக்குத்தான் போவும். அதுங்க வரட்டும். பின்னாடியே போலாம்."

கீழ்பென்னாத்தூரில் அவள் வீட்டில் ஏழு மாடு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதுகளை ஓட்டிக்கொண்டு வருவது அவள் வேலை. இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். பெண் பார்க்கப் போன அன்றே அவள் அப்பா சொன்னார். அது ஒரு படிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். கல்யாணமான பிறகு நான் அவளுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை சொல்லிக்கொடுத்தேன். அவளும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

பத்து நிமிஷம் காத்திருந்தோம். அவள் மிச்ச ஆரஞ்சைத் தின்றாள். எனக்கும் இரண்டு சுளை கொடுத்தாள்.

முதலில் மணிச் சத்தம். அப்புறம் புழுதி. அப்புறம் மாடுகள். பத்து இருபது இல்லை, மந்தை. கறுப்பு, செவலை, வெள்ளை... தடம் முழுக்க அடைத்துக்கொண்டு வந்து, காரின் இரண்டு பக்கமும் பிரிந்து, மறுபடி சேர்ந்து போயின. ஒன்று என் ஜன்னலுக்குள் மூக்கை விட்டு என்னை முகர்ந்து பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எந்த உறவுக்காரர் வருகைக்கும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

(முருகேசா, நீ இதைப் படிக்கிறாய் என்றால் — பின் மட்கார்டில் இருக்கிற பள்ளம் மரக்கிளை விழுந்து வந்தது இல்லை. ஒரு செவலைக் கிடாரியின் கொம்பு. உன்னிடம் பொய் சொன்னேன்.)

கடைசியில் தலைப்பாகையோடு மாட்டுக்காரர் வந்தார். எங்களைப் பார்த்து அவர் ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை. வருஷத்துக்கு எத்தனை வாத்தியார்களை இப்படிப் பொறுக்கிக்கொண்டு போகிறாரோ.

"பின்னாடியே வாங்க சார். ஹாரன் மட்டும் அடிச்சுடாதீங்க."

ஃபர்ஸ்ட் கியர். மாட்டு நடை. என் வாழ்க்கையில் முதல் முறையாக, எந்தப் பக்கம் திரும்புவது என்ற கவலையே இல்லாமல் வண்டி ஓட்டினேன். தடம் பிரிகிற இடங்கள் வந்தன. மாடுகள் யோசிக்கவே இல்லை. மலை சில நேரம் வலது பக்கம் இருந்தது, சில நேரம் இடது பக்கம், சில நேரம் காணவே காணோம். எங்கேயாவது இருந்துவிட்டுப் போகட்டும். மாட்டுக்காரர் ஜன்னலைப் பிடித்தபடி கூடவே நடந்து வந்தார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். எதைப் பார்க்க வந்தீர்கள் என்றார். யானை என்றேன். அந்த மொட்டைக் கல்லுகிட்டதானே நின்றிருந்தீர்கள், நேற்று சாயங்காலம் அங்கேதான் இரண்டு நின்றது என்றார், தபால் பெட்டி எங்கே இருக்கிறது என்று சொல்கிற குரலில். நான் கியரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் கையைத் தூக்கினார். நிறுத்தினேன். மாடுகளும் வேகம் குறைந்து, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

ஓடைக்கு அந்தப் பக்கம், மரங்களின் நடுவில், மூன்று யானைகள். இரண்டு பெரிசு, ஒரு குட்டி. பெரிசு ஒன்று புல்லைப் பிடுங்கி, முன்னங்காலில் தட்டி மண்ணை உதறி, வாயில் வைத்துக்கொண்டது. மறுபடி பிடுங்கியது, தட்டியது. எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. நெற்றியில் பட்டை கிடையாது. யாருக்கும் ஆசீர்வாதம் பண்ணவில்லை.

கஸ்தூரியைப் பார்த்தேன். புழுதி படிந்த கண்ணாடிக்கு மூக்கு ஒட்டுகிற மாதிரி முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். ஆரஞ்சுத் தோல் கையிலேயே இருந்தது. அதைக் கீழே போட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்து, நல்ல வேளையாக, சொல்லவில்லை.

யானைகள் நகர்ந்து போனதும் மாட்டுக்காரர் நாக்கைத் தட்டினார். மந்தை கிளம்பியது. நாங்களும்தான்.

மசினகுடி டீக்கடையில் அப்போதுதான் விளக்குப் போட்டார்கள். கடைத் தெருவில் எழுபது எண்பது மாடுகள், அதன் வாலில் ஒரு பாசிப்பச்சைக் கார், ஊர்வலமாகப் போய்ச் சேர்ந்தோம். டீக்கடைக்காரர் மாடுகளைப் பார்த்தார், காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு டீயைப் போட்டு நீட்டினார். அந்த டீயில் சர்க்கரை கம்மி, பால் கம்மி. அப்படி ஒரு டீயை நான் குடித்ததே இல்லை.

ராத்திரி நன்றாகத் தூங்கினேன். யோசித்துப் பார்க்கிறேன்... 'தெரியல சார்' என்று சொல்கிற பையனை நான் பெஞ்ச் மேல் ஏற்றிவிடுவேன். அவன் எவ்வளவு பாரத்தை இறக்கிவைத்துவிட்டு அங்கே நிற்கிறான் என்று இப்போது புரிகிறது. நம்மில் பாதிப் பேர், தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டேதானே ஊரைச் சுற்றுகிறோம்? இனி பெஞ்ச் மேல் ஏற்ற மாட்டேன். கொஞ்ச நாளைக்காவது.

திரும்பி வரும்போது வழியெல்லாம் கேட்டேன். மைசூரில் கேட்டேன். பெங்களூரில் அந்தப் பூக்காரம்மாவையே தேடிப் போய்க் கேட்டேன். போர்டு இருக்கிற இடத்தில், போர்டுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தவரிடம் கேட்டேன். "இனிமே எறங்கி ஒவ்வொரு வூடா கேளுங்க," என்று கஸ்தூரியே சலித்துக்கொண்டாள். ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம். மறுநாள் ஆயுத பூஜை. முருகேசனின் வாசலுக்குக் கார் போய்ச் சேர்ந்துவிடும் — மட்கார்டு போக, முழுசாக.

செங்கம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தெரிந்தது. எங்கள் மலை. ஒல்லி இல்லாத, ஒரே ஒரு மலை. கஸ்தூரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆசிரமத்தை நெருங்க நெருங்க மலை இடது பக்கம் பெரிசாகிக்கொண்டே வந்தது. கூடவே நானும். காட்டில் தொலைந்துபோன என் பழைய குரல் என்னைத் தேடிக்கொண்டு அங்கேயே வந்து சேர்ந்துவிட்டது.

"பாத்தியா கஸ்தூரி? இனிமே ஒருத்தரையும் கேக்கத் தேவையில்ல. இந்த ஊர்ல என் கண்ணக் கட்டி வுட்டாலும், மலை எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு, சொந்த வூட்டுக்குக் கரெக்டா வந்து நிப்பேன்... இன்னா, நான் சொல்றது?"

"நம்ம தெரு தாண்டிப் போயிடுச்சி."